முதல் படத்திலேயே எங்கம்மா அழணுமா?

குறும்படம் எடுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று சேரியிலிருந்து ஒரு மாணவனோ மாணவியோ கிளம்பினால், அவர்களுக்குக் கிடைக்கிற முதல் பாடம் காமிராவைப் பற்றியதல்ல. 'உங்க வலியை எடுங்க தம்பி, அதுதான் உங்ககிட்ட இருக்கிற சரக்கு' என்பதுதான் முதல் பாடம். அதே பட்டறையில் பக்கத்து நாற்காலிக்காரன் பேய்ப்படம் எடுப்பான், காதல் படம் எடுப்பான், டீக்கடையில் நாலு பேர் அரட்டையடிப்பதை எடுப்பான். 'உங்க தெருவுல சேரிக்காரன் செருப்புப் போட்டு நடந்தா ஏன் அடிக்கிறீங்க, அதை எடுங்க தம்பி' என்று ஊர்த்தெருக்காரனிடம் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிணம் எரிப்பதையும் மலம் அள்ளுவதையும் நம் தலையில் கட்டிய அதே மூளைதான் இப்போது சினிமாவில் அழுகையையும் நமக்கே ஒதுக்கியிருக்கிறது.

வெளியாட்கள் சொன்னால் போகட்டும். நம்ம தோழர்களும் இதையேதான் வேறு பாஷையில் சொல்கிறார்கள். 'ஃபிரேம், லைட்டிங் எல்லாம் மேட்டுக்குடி சமாச்சாரம், உள்ளடக்கம் இருந்தா போதும், போனைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பு.' எங்கே கிளம்ப? இழவு வீட்டுக்கு. நேற்றுதான் காமிராவைக் கையில் பிடித்த பையன், மகனை வெட்டுக்குப் பறிகொடுத்த தாயிடம் போய் 'இன்னொரு தடவை சொல்லும்மா, ஃபோகஸ் போயிருச்சு' என்று கேட்க வேண்டும். இதுவா தோழர் பயிற்சி? அவள் அழுகை உனக்கு ஒத்திகையா?

நான் வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிறவன். எழுதத் தெரியாதவங்களுக்கு ஃபாரம் நிரப்பித் தருகிறவன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்குன்னு தினம் பார்க்கிறேன். காமிராவும் ஒரு ஃபாரம்தான். நாமே நிரப்பத் தெரிந்துகொள்ளாதவரை நம்ம கதையை வேறு எவனோ நிரப்புவான், கைநாட்டு மட்டும் நம்மது.

தொழில்நுட்பத்துக்குச் சாதி இல்லை, நிறம் இல்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் கோடாக் கம்பெனி, கலர் பிரிண்ட் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை லேப்களுக்குக் கொடுத்தது. ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் உலகத்துக்கே சரி. கறுப்பு மக்களின் முகங்கள் இருண்டு கிடந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்க சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக விழவில்லை என்று மரச்சாமான்காரனும் சாக்லேட்காரனும் புகார் செய்த பிறகுதான் மாற்றத் தொடங்கினார்களாம். அந்தக் கம்பெனியில் இருந்தவர்களே பின்னாளில் சொன்னது இது. மனுஷன் மூஞ்சியைவிட பீரோவுக்கு மரியாதை.

இன்றைக்கு உங்கள் போனிலும் அந்த வாசனை போகவில்லை. பியூட்டி என்று ஒன்று வைத்திருப்பான், அது கேட்காமலே நம்மை வெளுக்கும். முதல் வேலையாக அதை அணையுங்கள். தானாக வெளிச்சம் அளக்கிற காமிரா, எதிரே இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நம்ம ஆளை நிறுத்தினால் சுவர் அடங்கும், முகம் கரிக்கட்டையாகும். அதற்குப் பவுடர் பூச வேண்டியதில்லை. சுவரை மாற்று. வாசற்படி நிழலில் பக்கவாட்டு வெளிச்சம் விழுகிற மாதிரி உட்காரவை. முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினால் பல போன்களில் வெளிச்சக் கணக்கு முகத்தோடு பூட்டிக்கொள்ளும். கறுப்புத் தோலில் வெளிச்சம் வழுக்கி ஓடும் அழகு இருக்கே, அதை ஒருமுறை பிடித்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம் அழகியல் யாருடையது என்று.

சத்தமும் அப்படித்தான். பறையைக் கிட்டத்தில் நின்று பதிந்தால் மைக் திணறி ஒலி கிழியும். தள்ளி நின்று பதியணும். இது தெரியாமல் கிழிந்த ஒலியைத் தூக்கிப் போட்டுவிட்டு எவனோ வாசித்த சோகப் புல்லாங்குழலை ஒட்டுகிறார்கள். சேரி என்றாலே புல்லாங்குழல் அழணும் என்று எவன் சட்டம் போட்டான்?

'அப்போ வன்கொடுமையைப் படமெடுக்கக் கூடாதா?' எடுக்கணும். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' இல்லையென்றால் அந்த நாளில் பாதி அரசாங்க அறிக்கைக்குள்ளேயே புதைந்திருக்கும். 2017இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்தின் திரையிடல்களைப் போலீஸ் தடுத்தது. யூடியூபில் போட்டார், ஊரே பார்த்தது. ஆனால் இவர்கள் எங்கே நிற்கணும், எப்போது காமிராவை இறக்கணும் என்று தெரிந்து போனவர்கள். கை பழகாமல் எடுத்தால் சாட்சியமும் கெடும், சாட்சி சொன்னவரும் புண்படுவார்.

நாகராஜ் மஞ்சுளேயைப் பாருங்கள். சோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துக்காரர், கல்லுடைக்கும் வடார் சாதியில் பிறந்தவர், முதலில் கவிஞர். பள்ளிக்கூடம் போக ஏங்கும் ஒரு சிறுவனைப் பற்றிய 'பிஸ்துல்யா' என்ற குறும்படத்தில் கை பழகினார். தேசிய விருது கிடைத்தது. அப்புறம்தான் 2013இல் 'ஃபன்றி'. அது பன்றி பிடிக்கிற வீட்டுப் பையனின் காதல் கதை. அவன் பவுடர் பூசுகிறான், புது ஜீன்ஸுக்கு ஆசைப்படுகிறான், கருப்புக் குருவிக்காக அலைகிறான். அத்தனை ஆசையையும் பார்த்துப் பழகிய பிறகு, கடைசியில் அவன் எறிகிற கல் காமிராவை நோக்கி வரும்போது நமக்குக் குளிர்கிறது. வெறும் அடி உதையை மட்டும் காட்டியிருந்தால் அந்தக் கல்லுக்கு இந்தக் கனம் வந்திருக்காது.

ஆகவே தம்பி, தங்கச்சி, முதல் படம் மூன்றே நிமிஷம் எடுங்கள். கேரம் ஆடுகிற பசங்க, கருவாடு வறுக்கிற ஆயா, கல்லூரிக்குப் போகும்முன் கண்ணாடியில் பத்துத் தடவை முகம் பார்க்கிற அக்கா. காமிராவை அவர்கள் கண் உயரத்தில் வையுங்கள், மேலிருந்து பார்க்காதீர்கள். வசனம் இல்லாமல் பத்துத் துண்டு எடுத்து வெட்டி ஒட்டிப் பாருங்கள். எடுத்தவர்களிடமே முதலில் போட்டுக் காட்டுங்கள். ஆயா 'என்னடா இது, என்னை இவ்வளவு நேரம் காட்டுறே'ன்னு கேட்டா அவளிடமே பேசி வெட்டுங்கள்.

எனக்கும் காட்டணும்னா வாங்க. ஆறு மணிக்கு மேல் வங்கிக்கு எதிர்த்த டீக்கடையில்தான் இருப்பேன்.