தலைக்கவசத்துக்கு ஓர் ஆணி போதுமா?

தோட்டத்தில் பால் டிரம்முக்கு இடம் உண்டு. உர மூட்டைக்கு இடம் உண்டு. களைக்கொல்லி மருந்துக்குப் பூட்டும் சாவியும் போட்ட தனி அறையே உண்டு. ஆனால் விடியுமுன் இருட்டில் இருபது கிலோமீட்டர் சாலையைக் கடந்து பிரட்டுக்கு வந்து நிற்கிற தொழிலாளியின் தலைக்கவசத்துக்கும் மழைச்சட்டைக்கும் எங்கே இடம் என்று கேட்டால், ஸ்டோர் சுவரில் அடித்திருக்கும் ஓர் ஆணியைக் காட்டுகிறார்கள்.

இதுவும் ஒரு கோரிக்கையா என்று சில மானேஜர்மார் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். குடிநீர்க் குழாய் கேட்டபோதும், பிள்ளைக் கொட்டகை கேட்டபோதும் இப்படி நகைத்தவர்கள் உண்டு.

லயத்தில் நாம் குடியிருந்த காலத்தில் இந்தப் பிரச்சினை எழவில்லை. வாசலை விட்டு இறங்கினால் பிரட்டுக் களம், அங்கிருந்து கால் நடையாக நிரை. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல இடங்களில் லயங்கள் இடிந்தன, இடிக்கப்பட்டன. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. இன்று பால்மரம் சீவுகிறவர்களில் பலர் பட்டணத்து ஓரத்துத் தாமான் வீடுகளிலிருந்து கப்சாய் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர்கள். வேலை தோட்டத்தில், ஆபத்து சாலையில் என்று நம் வாழ்வு இரண்டாகப் பிரிந்து விட்டது. இந்நாட்டில் சாலை விபத்தில் மாள்வோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தலைக்கவசம் அணிந்தே தீரவேண்டும் என்ற விதி 1973ஆம் ஆண்டில் வந்தது. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது நாம் சொக்சோ என்று சொல்லும் சட்டம், வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே போய்வரும்போது நேரும் விபத்தையும் வேலை விபத்தாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, 'சாலை உன் சொந்தப் பாடு, தலைக்கவசம் உன் சொந்தச் சொத்து' என்று நிர்வாகம் கையை உதறிவிடுவது நியாயமன்று.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தோட்டத்துக்கு நாம் போயிருந்தோம். தோட்டத்துக்குள் புகுந்ததும் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவது அங்கே வழக்கம். (தோட்டத்து மண் பாதையிலும் கவசம் வேண்டும் என்பதே நம் கருத்து. அதைத் தனியாகப் பேசவேண்டும்.) கழற்றிய கவசங்கள் எல்லாம் தகரக் கூரை போட்ட பின்கட்டு ஸ்டோரில் வரிசையாகத் தொங்கின. கீழே புல் வெட்டும் எந்திரத்துக்கான பெட்ரோல் தகரம். பக்கத்தில் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் கலன்கள். அதற்கு அப்பால் அமோனியா. மூலையில் மருந்தடிக்கும் தோம்புகள், நேற்றைய ஈரம் காயாமல். ஒட்டுப்பால் மூட்டையின் நாற்றம் வேறு. ஓர் இளைஞரின் கவசத்தை எடுத்து உள்ளே பார்த்தோம். துணியை விலக்கியதும், உள்ளிருக்கும் வெள்ளை நுரை ஐம்பது காசு அளவுக்கு உருகிக் குழிவிழுந்து கிடந்தது. பெட்ரோல் துடைத்த கந்தையை யாரோ அதற்குள் திணித்து வைத்திருந்தார்களாம். 'நாத்தம்தானே அண்ணே, ரோட்டுல காத்துப் பட்டா போயிடும்' என்றார் அந்தத் தம்பி.

நாற்றம் போய்விடும். நுரை திரும்பி வராது. இதை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும். தலையைக் காப்பது வெளியே பளபளக்கும் ஓடு மட்டும் என்று எண்ணுகிறோம். ஓடு அடியைப் பரப்பிவிடுகிறது; அடியைத் தான் வாங்கி நசுங்கி மண்டையைக் காப்பது உள்ளிருக்கும் அந்த நுரையே. தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினால் சுற்றிலும் வைத்துத் தருகிறார்களே, அதே இனம். பெட்ரோலோ தின்னரோ பட்டால் அது கரையும். வெளி ஓடும் பல கவசங்களில் பிளாஸ்டிக்தான். எண்ணெய்க் கரைசல்கள் அதையும் பலவீனப்படுத்தும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. முகக்கண்ணாடிக்கு அமோனியா ஆகாது. நடுப்பகலில் தகரக் கூரையின் கீழே அடிக்கும் வெப்பம் போதாதென்று, இரவில் எலி வந்து தாடைவாரைக் கடிக்கிறது. சிரிம் முத்திரை குத்திய கவசத்தை நல்ல காசு கொடுத்து வாங்கி இப்படி ஓராண்டு தொங்கவிட்டால், முத்திரை மட்டும் நல்ல நிலையில் இருக்கும்!

துணிமணிகளின் கதை இதைவிட மோசம். நம்மவர் சட்டையை முன்பக்கம் பின்னாக மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதைப் பார்த்து வெளிநாட்டார் சிரிப்பதுண்டு. விடிகாலைக் குளிர் நெஞ்சில் ஏறாமல் இருக்க அதைவிட மலிவான வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும். அந்தச் சட்டையும் மழைச்சட்டையும் நாள் முழுதும் மருந்துத் தோம்பின்மேல் கிடக்கின்றன. மாலையில் அதையே அணிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறோம். வாசலில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையின் முகம் அந்தச் சட்டையில்தான் பதிகிறது. பாராகுவாட்டைத் தடைசெய்யப் போவதாக 2002ஆம் ஆண்டில் அறிவித்து, 2006ஆம் ஆண்டில் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் நாள்தான் தடை நடப்புக்கு வந்தது. அந்த நஞ்சு போயிற்று என்பதற்காக, மிச்சமுள்ள மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடுமா?

பெண் தொழிலாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மழையில் நனைந்து வந்த தங்கை, ஈர உடையை மாற்ற ஸ்டோரின் பின்புறம் இன்னொருத்தியைக் காவலுக்கு நிறுத்தவேண்டியிருக்கிறது. இது எந்த நாகரிகத்தில் சேர்த்தி?

நிர்வாகங்கள் சொல்லும் மறுமொழிகளும் நமக்குத் தெரியும். வண்டியிலேயே மாட்டி வைத்தால் என்ன என்கிறார்கள். வெயிலும் மழையும் ஒருபுறம் இருக்கட்டும். பக்கக் கண்ணாடிக் கம்பியில் கவிழ்த்து மாட்டினால் கம்பியின் முனை அதே நுரையைக் குத்திப் பள்ளமாக்கும். அன்றியும், சாலையோரம் வண்டியை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போனவர், திரும்பி வரும்போது கவசம் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? ரப்பர் விலை சரியில்லை, கட்டடத்துக்குப் பணம் இல்லை என்பது இரண்டாவது மறுமொழி. நாம் மாளிகை கேட்கவில்லை. பிரட்டுக் களத்தின் பக்கத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. மேல்பாதி கம்பிவலை வைத்த சுவர், காற்று வர. கூரைக்குக் கீழே ஒரு தட்டி, வெப்பம் தாக்காமல் இருக்க. பலகைத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் பெயர். ஈரச் சட்டை காய ஒரு நீளக் கம்பி. பெண்களுக்கு மறைவாக ஒரு தடுப்பு. தோட்டத்துத் தச்சர் ஒரு வாரத்தில் முடித்துவிடக்கூடிய வேலை. பழைய பலகை எந்தத் தோட்டத்தில் இல்லை?

நம் பக்கத்துக் குறைகளையும் மறைப்பதற்கில்லை. தாடைவார் அறுந்த கவசத்தைப் போலீஸ்காரர் கண்ணுக்காக மட்டும் தலையில் கவிழ்த்துக்கொள்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஒருமுறை கீழே விழுந்து அடிபட்ட கவசத்தை, 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது' என்று தம்பிக்குக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நுரை ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழாது. அதைக் கொடுப்பது தம்பிக்குச் செய்யும் உதவி ஆகாது. கையுறையையும் கந்தையையும் கவசத்துக்குள் திணிக்கும் பழக்கத்தை இன்றே விடலாம். அதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டியதில்லை. மருந்தடித்த உடுப்பையும் சாலை உடுப்பையும் ஒரே வாளியில் ஊறவைப்பதும் கூடாது.

ஆனால் இடம் கொடுப்பது முதலாளியின் கடமை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அபாயமில்லாத வேலையிடத்தையும் நலவசதிகளையும் அளிக்கும் பொறுப்பை அவர்மீதே சுமத்துகிறது. திருத்தப்பட்ட வடிவில் அது 2024 ஜூன் முதல் நாளிலிருந்து நடப்பில் இருக்கிறது. நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. பல தோட்டங்களில் அக்குழு இருக்கிறது. தேநீர் அருந்திக் கையெழுத்துப் போட்டுக் கலைகிறது. நம் பிரதிநிதிகள் சிலர் மானேஜர் முன்னிலையில் வாய் திறக்கத் தயங்குகிறார்கள் என்பதும் நாம் அறிந்ததே.

அந்தக் குழுக் கூட்டத்தில்தான் இது வைக்கப்படவேண்டும். வாயால் சொன்னால் காற்றோடு போகும். எந்த ஸ்டோர், எத்தனை கவசம், பெட்ரோலிலிருந்து எத்தனை அடி, மருந்துத் தோம்பிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதி, முடிந்தால் படமும் எடுத்துக் கொடுக்கவேண்டும். இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத்துத் தோழர்களும் அதே ஆணியில்தான் மாட்டுகிறார்கள். 2019 தொடக்கம் அவர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அவர்கள் கவசங்களையும் சேர்த்தே எண்ணுங்கள்.

வடகிழக்குப் பருவ மழைக்கு முன்பாக ஒரு கூட்டமாவது எல்லாத் தோட்டங்களிலும் நடந்துவிடும். கிளைச் செயலாளர்கள் அதற்குள் ஸ்டோரை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வரவேண்டும். கோரிக்கை கூட்டக் குறிப்பில் ஏறியதா, அறை எந்தத் தேதிக்குள் தயாராகும் என்று நிர்வாகம் எழுதியதா என்று வாசித்துப் பார்த்த பின்னரே கையெழுத்துப் போடுங்கள். குறிப்பின் ஒரு நகலை நமக்கும் அனுப்பிவையுங்கள்.