அரங்கு இழைத்தவர்க்கு நாம் தருவது என்ன?

கல்லாதவன் அவையேறிப் பேசுவதற்கு உவமை தேடிய திருவள்ளுவர், கட்டம் இழைத்த அரங்கு இல்லாமலே வட்டாட முற்படுபவனைக் காட்டினார் என்பதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். காய் இல்லையெனில் புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ போதும். அரங்கு இல்லையெனில் ஆட்டமே இல்லை. அந்த அரங்கை இழைத்தவர் யார், அவர் கைக்கு என்ன கிடைத்தது என்னும் வினாவை வகுப்பறையில் இத்தனை ஆண்டுகளாக இக்குறளை நடத்திவரும் நாமும் எழுப்பியதில்லை. அண்மையில்தான் அது நம்மை உறுத்தத் தொடங்கியது.

கோயில் மண்டபங்களின் கல்தளத்திலும் ஊர்ப்புறப் பாறைகளிலும் ஆடுபுலி ஆட்டக் கோடுகளும் பல்லாங்குழிகளும் வெட்டப்பட்டிருப்பதைத் தமிழகத்தின் பல பகுதிகளில் இன்றும் காணலாம். வெட்டியவர் பெயர் தெரியாது. ஒருமுறை உளி பிடித்தார். தலைமுறை தலைமுறையாக ஊர் ஆடியது. ஆனால் இன்று நம் மாணவர் கைப்பேசியில் ஆடும் அரங்கு அத்தகையதன்று. எங்கோ ஓரிடத்தில் இரவும் பகலும் இயங்கும் கணினிகள், அவற்றுக்குரிய மின்சாரம், பழுது நீக்குவோர், வஞ்சித்து ஆடுவோரைக் கண்டறிவோர் என அதற்கு மாதந்தோறும் செலவு உண்டு. கண்ணுக்குத் தெரியாத செலவாகையால் அது இல்லை என்றே நினைத்துக்கொள்கிறோம். மேசை விளையாட்டு என்று சொன்னாலே பவர் டேபிளை நினைக்கும் ஊர் நம்முடையது. டேபிளுக்கு வாடகை உண்டு, மின்கட்டணம் உண்டு, எண்ணெய்ச் செலவு உண்டு என்பதை நம் மாணவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சதுரங்க மேசைக்கு மட்டும் ஏன் அக்கணக்கு மறந்துபோகிறது?

இவ்வினா எழுந்த சூழலைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். மாலையிலும் விடுமுறை நாள்களிலும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் செல்பவர். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் திங்கட்கிழமைக்குள் கரைந்துவிடும். இணையவழி ரம்மியில் இட்டார் என்பது, அவருடைய தாயார் துறைக்கு வந்து நின்ற நாளில்தான் நமக்குத் தெரிந்தது. தேர்வுக் கட்டணம் மட்டுமன்றி, அக்காள் திருமணத்திற்கெனச் சேர்த்திருந்த தொகையும் போயிருந்தது. அவ்வம்மையார் நம்மைப் பார்த்து, “விளையாட்டுன்னு சொன்னான் சார், நானும் விளையாட்டுன்னே நெனச்சேன்” என்றார். அச்சொற்களுக்கு அன்று நம்மிடம் விடை இல்லை.

இத்தகைய இழப்புகளும் அவற்றைத் தொடர்ந்த தற்கொலைகளும் தமிழகம் முழுவதும் செய்தியானமையால், 2022ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்ததும், சட்டம் வந்ததும், வழக்குகள் நடந்ததும் நாம் அறிந்தவையே. 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. அச்சட்டத்தில் நம் கருத்தைக் கவர்ந்த நுட்பம் ஒன்றுண்டு. வெல்லும் ஆசையோடு கட்டும் பணம் வேறு. பந்தயமாக அன்றி, அரங்கிற்குள் நுழைவதற்காகவோ சந்தாவாகவோ தரும் பணம் வேறு என்று அது பிரிக்கிறது. முன்னதைத் தடுத்துப் பின்னதை விடுகிறது. இவ்வேறுபாட்டை நம் பெரியோர் சட்டம் வருமுன்னரே அறிந்திருந்தனர். சதுரங்கம் ஆடலாமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்ததுண்டு. பந்தயம் வைத்து ஆடலாகாது என்பதில் வேறுபாடு இருந்ததில்லை. அப்பாசியர் காலத்துப் பாக்தாதில் அஸ்-ஸூலி போன்ற பேரறிஞர்கள் சத்ரஞ்சு ஆடி, அதன் நுட்பங்களை நூலாகவும் எழுதினர். அச்சொல்லும் நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகம் வழியாகச் சென்று பெற்ற வடிவமே.

சூதரங்கின் வருவாய் எவ்வாறு வருகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆடுவோர் மேசையில் வைக்கும் தொகையில் ஒரு பங்கை அரங்கினர் எடுத்துக்கொள்கின்றனர். வென்றவரும் தோற்றவரும் மாறிக்கொண்டே இருப்பர். அரங்கினர் மட்டும் எந்த ஆட்டத்திலும் தோற்பதில்லை. மீண்டும் மீண்டும் பணம் வைக்கும்படி ஆடுபவரைத் தூண்டினால்தான் அவர்கள் வாழ முடியும். அரங்கை நடத்துபவரின் நலமும் ஆடுபவரின் நலமும் எதிரெதிர்த் திசையில் செல்லும் ஏற்பாடு அது.

பணமின்றி அரங்கு இல்லை, பந்தயமும் கூடாது, எனின் வேறு வழி யாது? இக்கேள்வி உலகுக்குப் புதிதன்று. இணையம் இளமையாக இருந்த 1992ஆம் ஆண்டிலேயே சதுரங்கத்திற்கென ஓர் இலவச அரங்கு அமெரிக்காவில் தோன்றியது. ஆர்வலர் பலர் ஊதியமின்றி உழைத்து அதனை வளர்த்தனர். 1995 மார்ச்சில், அதனைப் பொறுப்பேற்று நடத்திவந்த கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஸ்லீட்டர், அதற்கு இன்டர்நெட் செஸ் கிளப் எனப் பெயரிட்டு, ஆண்டுக்கு 49 டாலர் சந்தா என அறிவித்தார். உழைத்தவர் கொதித்தனர். எல்லாரும் கூடிக் கட்டியதற்கு ஒருவர் எவ்வாறு கதவிடலாம் என்று கேட்டு, சிலர் பிரிந்து சென்று அதே ஆண்டில் வேறோர் இலவச அரங்கை நிறுவினர். இதில் எவர் பக்கம் நியாயம்? நாம் இருபக்கமும் நின்று பார்த்துவிட்டோம். நிலையான வருவாய் இல்லாமல் நல்ல அரங்கு நீடிக்காது என்று பேராசிரியர் கருதியதில் பிழையில்லை. ஆனால் கூடிக் கட்டியவரைக் கலந்து பேசாமல் கட்டணம் வைப்பது, ஜமாஅத்தார் சேர்ந்து வெட்டிய கிணற்றுக்கு ஒருவர் பூட்டுப் போடுவதை ஒக்கும்.

அதன்பின் வந்த அரங்குகள் வெவ்வேறு வழிகளைக் கண்டன. செஸ்.காம் நிறுவனம் ஆடுவதை இலவசமாக வைத்து, பயிற்சிப் புதிர்களையும் ஆட்ட ஆய்வையும் உறுப்பினர் படிநிலைகளுக்கேற்ப விற்கிறது. பணம் தராதவர்க்கு விளம்பரம் காட்டுகிறது. வணிகம் என்ற முறையில் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் பயிற்சி மிகுதியாகத் தேவைப்படும் ஏழை மாணவனுக்கே அது அளந்து தரப்படுகிறது என்பது நம் மனத்திற்கு ஒவ்வவில்லை. பிரான்சில் 2010இல் தோன்றிய போர்டு கேம் அரேனா என்னும் அரங்கின் வழி இதனினும் சுவையானது. அங்குச் சில ஆட்டங்களுக்கு மேசை விரிக்கச் சந்தா கட்டியவரால்தான் இயலும்; அவர் விரித்த மேசையில் கட்டாதவரும் அமர்ந்து ஆடலாம். ஒருவர் தேநீர் வாங்க, நால்வர் பகிர்ந்து குடிக்கும் நம் ஷிப்ட் இடைவேளை நினைவுக்கு வருகிறது.

நாம் விரிவாகச் சொல்ல விரும்புவது லிசெஸ் அரங்கைப் பற்றியே. பிரான்சு நாட்டைச் சேர்ந்த திபோ துய்ப்ளெசி 2010இல் தொடங்கியது அது. இன்று அந்நாட்டின் 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் இலாப நோக்கற்ற சங்கமாக நடைபெறுகிறது. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, பணம் தந்தவர்க்கென்று தனி வசதியும் கிடையாது. அதன் மென்பொருள் எவரும் எடுத்துப் பார்க்கவும் பயன்படுத்தவும் தக்கவாறு திறந்து வைக்கப்பட்டுள்ளது. செலவுக் கணக்கையும் எல்லாரும் காணுமாறு வெளியிடுகின்றனர். ஆடுவோர் விரும்பித் தரும் நன்கொடையால் அரங்கு நிற்கிறது. மாதந்தோறும் தரலாம், ஒரே முறை தரலாம், பெருந்தொகை தந்து வாழ்நாள் புரவலர் ஆகலாம். கைம்மாறாகப் புரவலர் பெயரருகே ஒரு சிறகு வரையப்படும். அவ்வளவே. பணம் தர இயலாதவர் மொழிபெயர்ப்பாலும் மென்பொருள் எழுதியும் உதவலாம்.

இதில் பலவீனம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. தருபவர் சிலர், ஆடுபவர் பலர். அச்சிலர் ஓய்ந்தால் என்னாகும் என்னும் அச்சம் எப்போதும் உண்டு. ஆயினும், தந்தவர் தமக்காகத் தரவில்லை, தர இயலாதவர் ஆடுவதற்காகத் தருகிறார் என்னும் ஒன்றினால் மற்ற வழிகள் எல்லாவற்றினும் இதனை மேலாகக் கருதுகிறோம். ஓவர்லாக் இயந்திரத்தில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் இளைஞனும் உலகச் சாம்பியனும் அங்கு ஒரே பயிற்சியைப் பெறலாம். வக்ஃபு என்னும் அறத்தை அறிந்த சமுதாயத்திற்கு இவ்வேற்பாட்டை விளக்க வேண்டுவதில்லை. கிணறு வெட்டியவர் தண்ணீர் மொள்ள வருபவரிடம் பெயர் கேட்பதில்லை.

“பிரான்சுக்காரனுக்கு நாம் ஏன் பணம் அனுப்ப வேண்டும்?” என்று மூத்த பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். 1972இல் மானுவல் ஆரோன் முன்னின்று சென்னையில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகம் எங்கு நடந்தது? சோவியத் பண்பாட்டு மையத்தில். சிறுவன் விசுவநாதன் ஆனந்த் அங்குதான் பெரியவர்களோடு விரைவாட்டம் ஆடிப் பழகினார். அந்த அரங்கின் செலவை ஏற்றவர் அயல்நாட்டார். 1988இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடு நடந்ததும், 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனதும் அதன் பின்னர் விளைந்தவை. கடன் பெற்ற நாம், பிறிதோர் அயல்நாட்டு அரங்குக்குச் சிறிதளவு திருப்பித் தருவதில் முறைகேடு ஏதுமில்லை. நாமும் ஆறாண்டுகள் ஒரு காசும் தராமல் அங்கு ஆடியவரே; ஆகவே பிறரைக் குற்றம் சாட்டும் தகுதி நமக்கில்லை.

தர முனைந்தபோதுதான் இடர்ப்பாடு தெரிந்தது. கடைவீதியில் கீரைக்குக்கூட யுபிஐ வழியே பணம் தரும் நம்மால், அங்கு அவ்வாறு எளிதில் தர இயலவில்லை. 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நாமே கேட்டுத் திறந்தாலன்றிப் புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பணப்பரிமாற்றம் இயங்காது. மாதந்தோறும் தானே கழியும் தொகைக்கு 2021 அக்டோபர் முதல் தனிக் கட்டுப்பாடுகள் வந்தன. இவை நம் பாதுகாப்புக்கானவை, தேவையானவையும்கூட. ஆனால் மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனியே இவ்வழியில் முயல்வது வீண் அலைச்சல். பத்து ரூபாயை அனுப்ப வங்கிக் கழிவு அதனினும் மிகுதியாகக் கூடும்.

ஆகவே, துறையின் தமிழ் மன்றம் ஓர் ஏற்பாட்டைச் செய்யலாம் என்பது நம் கருத்து. சதுரங்கம் ஆடும் மாணவர் விரும்பினால் பருவத்திற்குப் பத்து ரூபாய் தரட்டும். ஆசிரியர்கள் நூறு தரலாம். வேலைக்குச் சென்று படிப்பவரிடம் கேட்கவே வேண்டா. சேர்ந்த தொகையை ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் அட்டையின் வழியே அனுப்பி, இரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அட்டையைத் திறந்து மீண்டும் மூடும் பொறுப்பை நாமே ஏற்கிறோம். தமிழில் மொழிபெயர்க்க விரும்பும் மூன்றாமாண்டு மாணவர் இருவர் முன்வந்துள்ளனர். ‘செக்மேட்’ என்பதற்கு ‘இறுதி முற்றுகை’யா ‘மன்னன் வீழ்ச்சி’யா என்னும் பூசல் அவர்களிடையே இன்னும் தீரவில்லை.

கணக்கேடு மன்றச் செயலாளரிடம் இருக்கும். முதற் பக்கத்தில் இதுவரை மூன்று பெயர்கள் உள்ளன. மூன்றாவது பெயர், மேலே சொன்ன அம்மாணவருடையது. படிப்பை முடித்து இப்போது அவிநாசி சாலையில் ஒரு நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறார். சென்ற மாதம் துறைக்கு வந்தவர், ஐம்பது ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுச் சதுரங்கப் பலகை இருந்த பக்கம் பாராமலே சென்றார்.