நாலு நாளில் ஒரு வருஷம்!

உங்களுக்கு 40 வயதா? அந்தக் கோளின் கணக்குப்படி பார்த்தால் உங்கள் வயது சுமார் 3,450! பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டுவது என்றால், வாரத்துக்கு ஒன்று, பல வாரங்களில் இரண்டு வாங்க வேண்டியிருக்கும். அங்கே ஒரு வருஷம் என்பது நம் கணக்கில் 4 நாளும் ஐந்தரை மணி நேரமும்தான்.

அந்தக் கோள் சுற்றி வருகிற நட்சத்திரத்தின் பெயர் 51 பெகாசி. நம் சூரியனைவிடக் கொஞ்சம் பெரியது. மற்றபடி நிறமும் குணமும் ஏறக்குறைய சூரியன் மாதிரியே. சுமார் 50 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்துக்கும் கோள் உண்டு என்று மனிதர்கள் முதன்முதலில் உறுதிசெய்தது இங்கேதான். 1992-லேயே வேறு இடத்தில் கோள்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால், அவை சுற்றியது வெடித்து இறந்துபோன ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்தை.

அவ்வளவு தூரத்தில் உள்ள கோளை எப்படிப் பார்த்தார்கள்? பார்க்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றிப் பாருங்கள். குழந்தை பெரிய வட்டமாகச் சுற்றும். நீங்களும் ஒரே இடத்தில் நிற்க முடியாது. லேசாகப் பின்னால் சாய்ந்து ஒரு குட்டி வட்டம் போடுவீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் குழந்தை தெரியாவிட்டாலும், நீங்கள் ஆடுவதை வைத்தே ‘கையில் யாரோ இருக்கிறார்கள்’ என்று சொல்லிவிடலாம்.

நட்சத்திரமும் அப்படித்தான் ஆடுகிறது. அது நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி ஒரு துளி நீலத்தின் பக்கம் நகரும். விலகும்போது சிவப்பின் பக்கம் நகரும். ரயில் நெருங்கும்போது ஹார்ன் சத்தம் கீச்சென்றும், கடந்து போகும்போது கட்டையாகவும் கேட்கிறதல்லவா? அதே விஷயம்தான், இங்கே ஒளியில் நடக்கிறது.

இனிதான் கதையே. நம் சூரியனை அதிகம் ஆட வைப்பது வியாழன். அது ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 12 வருஷம் ஆகிறது. அந்த ஆட்டத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 12 மீட்டர். 100 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைப்பவர்கள் எட்டுகிற உச்ச வேகம்தான். ‘மற்ற நட்சத்திரங்களிலும் நம் வீட்டைப் போலத்தானே இருக்கும்? பெரிய கோள் தள்ளித்தான் இருக்கும். பல வருஷம் பொறுமையாக அளந்தால்தான் தெரியும்’ என்பது அன்றைய நம்பிக்கை. அதற்குக் காரணமும் இருந்தது. வியாழன் மாதிரி பெரிய கோள் உருவாக நிறைய பனியும் வாயுவும் வேண்டும். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அடிக்கிற வெப்பத்தில் பனி ஏது?

கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் 1987-லிருந்தே அளந்துகொண்டிருந்தார்கள். எப்படியும் வருஷக்கணக்கில் ஆகும் என்ற எண்ணம் இருந்ததால், சேர்ந்த பதிவுகளை உடனுக்குடன் அலசிப் பார்க்கிற அவசரம் அவர்களுக்கு இல்லை.

ஃபிரான்ஸின் ஹாட் ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில் இன்னொரு குழு. சுவிட்சர்லாந்தின் ஜெனிவா பல்கலைக்கழகப் பேராசிரியர் மிஷேல் மேயரும், அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த திதியே கெலோவும் 142 நட்சத்திரங்களின் பட்டியலோடு 1994-ல் களமிறங்கினார்கள். அந்த நேரம் பேராசிரியர் ஹவாயில் இருந்தார். தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த மாணவர், 51 பெகாசியின் வேகம் நாளுக்கு நாள் மாறுவதைக் கண்டார். அவருக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். ‘கருவியில் ஏதோ கோளாறு’ என்றே நினைத்தார். திரும்பத் திரும்ப அளந்தார். விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஆட்டம், 4.2 நாளுக்கு ஒரு சுற்று. கோளாறு அல்ல, கோள்!

உடனே ஊரைக் கூட்டவில்லை அவர்கள். 1995 வசந்தத்தில் அந்த நட்சத்திரம் சூரியனின் பக்கம் போய் மறைந்துவிட்டது. ஜூலையில் மறுபடி தெரியும்வரை காத்திருந்தார்கள். ‘இன்ன நாளில் இன்ன வேகம் இருக்க வேண்டும்’ என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்து அளந்தார்கள். அப்படியே பொருந்தியது. அக்டோபர் 6 அன்று, இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் நடந்த மாநாட்டில் அறிவித்தார்கள்.

செய்தி எட்டியதும் மார்சியும் பட்லரும் சில இரவுகளிலேயே அளந்து ‘உண்மைதான்’ என்றார்கள். அதோடு, தங்களிடம் குவிந்து கிடந்த பழைய பதிவுகளையும் தூசி தட்டினார்கள். 1996 ஜனவரியில் அவர்களே இரண்டு புதிய கோள்களை அறிவித்தார்கள்!

சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ‘இது கோள் இல்லை, நட்சத்திரமே துடிக்கிறது’ என்று 1997-ல் எழுதினார் கனடாவின் டேவிட் கிரே. அடுத்த வருஷம் கூடுதல் அளவீடுகளைப் பார்த்துவிட்டு, ‘துடிப்பு இல்லை, கோள்தான்’ என்று எழுதியவரும் அவரேதான். மேயருக்கும் கெலோவுக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கோள் எப்படிப்பட்டது? எடை ஏறத்தாழ 150 பூமி. அதாவது வியாழனில் பாதி. அதனாலேயே லத்தீனில் பாதி என்று பொருள்படும் ‘டிமிடியம்’ என்ற பெயர் 2015-ல் கிடைத்தது. நட்சத்திரத்திலிருந்து அதன் தூரம் 80 லட்சம் கிலோமீட்டருக்கும் குறைவு. நம் புதன்கூடச் சூரியனிலிருந்து 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டிமிடியத்தில் வெப்பம் சுமார் 1,000 டிகிரி. எங்கோ குளிர்ந்த தூரத்தில் பிறந்து, பிறகு மெல்ல உள்ளே நகர்ந்து வந்திருக்க வேண்டும் என்பதே பலர் ஏற்கும் விளக்கம்.

‘கோள்கள் நட்சத்திரத்துக்கு மிக அருகிலும் இருக்கலாமே, அதைத் தேடிப் பார்க்கலாமே’ என்று 1952-லேயே எழுதிவைத்திருந்தார் ஆட்டோ ஸ்ட்ருவே என்ற வானியலாளர். அது பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

இன்று, கண்டறியப்பட்ட வெளிக்கோள்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன. டிமிடியம் மாதிரி கொதிக்கிற வியாழன்கள் அபூர்வம். சூரியன் போன்ற நட்சத்திரங்களில் நூற்றில் ஒன்றுக்கு இருந்தால் அதிகம். மிகச் சாதாரணமாகக் கிடைப்பவை, பூமியைவிடப் பெரியதும் நெப்டியூனைவிடச் சிறியதுமான கோள்கள். அந்த ரகத்தில் நம் சூரியனுக்கு ஒன்றுகூட இல்லை. கெப்ளர்-90 என்ற நட்சத்திரத்துக்கு நம் சூரியன் போலவே எட்டுக் கோள்கள். ஆனால், நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்துக்குள்ளேயே எட்டும் ஏறக்குறைய அடங்கிவிடுகின்றன! நம் வீடு எல்லா வீட்டுக்கும் மாதிரி அல்ல, பல விதங்களில் ஒரு விதம் என்பதை முதலில் சொன்னது அந்த நாலு நாள் வருஷம்தான்.

இந்த நட்சத்திரத்தைத் தேட ஆசையா? ஐப்பசியில் மழை விட்ட இரவு, 9 மணி வாக்கில் தலைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். நான்கு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாக நிற்கும். அதன் மேற்குப் பக்கத்து இரண்டும் நம் பஞ்சாங்கத்தின் பூரட்டாதி. அவற்றுக்கு நடுவில், சதுரத்துக்குச் சற்று வெளியே மங்கலாக ஒரு புள்ளி இருக்கும். ஊர் விளக்குகள் இல்லாத இருட்டில் வெறும் கண்ணுக்கே தெரியும்; நகரத்தில் என்றால் பைனாகுலர் வேண்டும். பூரட்டாதிக்காரர்கள் வீட்டில் இருந்தால், அவர்களையும் மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.