வண்டி போகாத தெரு



சென்ற நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், சுற்றுவட்டாரப் பங்குகளின் இளைஞர் மன்றத் தலைவர்கள் சிலர் பழங்காநத்தத்தில் கூடினர். உரையாற்ற நம்மை அழைத்திருந்தனர். "பழகிய இடத்தை விட்டுப் புறப்படுவோம்" என்பது அவர்கள் நமக்களித்த தலைப்பு. மின்விசிறிக்கு நேர் கீழே நமக்கென்று ஒரு மெத்தை நாற்காலியும் போட்டிருந்தார்கள். அதில் அமர்ந்துகொண்டு அந்தத் தலைப்பில் பேசுவது எப்படியென்று ஒரு கணம் தயங்கினோம், பிறகு அமர்ந்துவிட்டோம்.

முதலில் ஒவ்வொரு மன்றமும் தன் ஆண்டுப் பணிகளை வாசித்தது. பாடகர் குழு, குடில் அமைப்பு, திருவிழாப் பந்தல், இரத்த தானம், விளையாட்டுப் போட்டி என்று பட்டியல் நீண்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபத்து மூன்று வயதிருக்கும் ஒரு தம்பி, எந்தப் பங்கு என்பது இங்கே வேண்டாம், தங்கள் கிறிஸ்து பிறப்புப் பாடல் பவனி முந்தைய ஆண்டு எல்லாக் கத்தோலிக்க இல்லங்களுக்கும் சென்றதாகப் பெருமையோடு சொன்னார். பின்வரிசையில் யாரோ மெல்ல ஒரு தெருவின் பெயரைச் சொன்னார்கள். இரயில் பாதைக்கு அப்பால் துப்புரவுப் பணியாளர் வாழும் தெரு. அங்கே நம்மவர் ஐந்து குடும்பம் உண்டு. தம்பி தலை குனிந்து, "அது குறுகலான தெரு, சாமி. வண்டி போகாது" என்றார்.

கூடத்தில் ஓர் அமைதி நிலவியது. அதைக் கலைக்க நமக்கும் துணிவு வரவில்லை. நாம் குருவான புதிதில், உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, மாலைதோறும் இல்லங்களைச் சந்திக்கச் சென்றோம். நான்கு ஆண்டுகள் கழிந்து மாற்றலாகும் வேளையில்தான் ஒன்று புலப்பட்டது: காபி கிடைக்கும் வீடுகளே நம் பட்டியலில் இருந்தன. அங்கேயும் வண்டி போகாத தெருக்கள் இருக்கத்தான் செய்தன. நம்மிடம் இருந்ததோ மிதிவண்டி.

ஆகவே எழுதி வைத்திருந்த உரையை மடித்துவிட்டு, கூடியிருந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் நடந்து சேரக்கூடிய பழைய மதுரையில் நடந்த ஒன்றைச் சொன்னோம்.

நாயக்கர் ஆட்சியில், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்ச்சுகீசிய இயேசு சபைக் குரு இங்கே வந்தார். முன்பு போர்வீரராக இருந்தவர், பக்தியுள்ளவர், உழைப்பாளி. ஓர் ஆலயம், ஒரு பள்ளிக்கூடம், நோயாளிகளுக்கு ஒரு மருத்துவ இல்லம் இவற்றை நடத்தினார். முத்துக்குளித்துறையிலிருந்து வணிகத்துக்கு வந்த பரதவர்களையும் போர்ச்சுகீசியரையும் அன்போடு பேணினார். பத்தாண்டுகளுக்கு மேல் அயராது உழைத்தும், மதுரை மக்களில் ஒருவரும் அவர் வழியாகத் திருமறையைத் தழுவவில்லை. அவர் சோம்பியிருந்தவர் அல்லர் என்பதை இளையோர் மனத்தில் வைக்கவேண்டும். அவர் நாள்கள் நிறைந்தே இருந்தன. நிறைந்த நாள்களில் தம்மைச் சேர்ந்தவரே திரும்பத் திரும்ப வந்துபோயினர்.

1606 நவம்பரில் இராபர்ட் தெ நொபிலி வந்து சேர்ந்தார். வயது இருபத்தொன்பது. இத்தாலியப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். காவியுடையும் பாதக்குறடும் அணிந்து, புலால் நீக்கி, தனி மனையில் குடியேறினார் என்பது நம் மறைக்கல்வி வகுப்புகளில் எல்லாரும் படிப்பதே. உடையைப் பற்றியே நாம் பேசிப் பழகிவிட்டோம். அதைவிடக் கடினமான ஒன்றை அவர் செய்தார். உரோமையில் இறையியல் கற்றுத் தேர்ந்தவர், மீண்டும் அரிச்சுவடியிலிருந்து மாணவரானார். தமிழ் கற்றார், சிவதர்மர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார், தெலுங்கும் கற்றார். பிழையாகப் பேசுவதற்கும் திருத்தப்படுவதற்கும் உடன்பட்டார். மேடையேறிப் பழகிய ஒரு தலைவனுக்கு இதைவிடக் கசப்பான மருந்து வேறில்லை.

அவருடைய முதல் சீடர் யார் தெரியுமா? பெர்னாண்டஸின் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியர். அதே முற்றத்தில் நாள்தோறும் வந்துபோனவர். நொபிலி அவரோடு பல நாள் உட்கார்ந்து, அவர் கேட்ட வினாக்களுக்கெல்லாம் விடை தேடினார்.

பெர்னாண்டஸ் மனம் நொந்து, நொபிலிக்கு எதிராக மேலிடத்துக்கு எழுதினார். வழக்கு கோவா சென்றது, உரோமை சென்றது. 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளிக்கும்வரை நொபிலியின் தலைமேல் அந்த வாள் தொங்கியது. எதிர்ப்பு தம் சொந்தச் சபைக்குள்ளிருந்தே வந்தது என்பதையும் சொன்னோம்.

இந்த இடத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்தார். "நொபிலி உயர்ந்தவர் என்று சொல்லிக்கொண்டவர்களிடம் போனார். மற்றவர்களிடம் யார் போனார்கள், சாமி?" என்றார்.

நாம் அந்த வினாவை எதிர்பார்த்து வந்தோம் என்று சொன்னால் அது பொய்யாகும். உண்மைதான். தத்துவ போதகர் உண்டாக்கிய வழி, சாதிச் சுவரைத் தொடாமலே விட்டது. 1640-இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமியாக வாழத் தொடங்கிய பின்னரே, எல்லாக் குலத்தாரிடமும் செல்லும் வழி திறந்தது. அப்போதும் சுவர் இடியவில்லை. தலித் மக்களுக்கான தன் கொள்கை அறிக்கையை இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்டபோது, அந்தப் பாகுபாடு நம் திருச்சபைக்குள்ளேயே இருப்பதை ஒப்புக்கொண்டது. நொபிலியை நாம் மிகவும் மதிக்கிறோம். அதற்காக அந்தப் பெண்ணின் வினாவை மறுக்க முடியாது. ஒரு வட்டத்தை விட்டுப் புறப்பட்டவர் இன்னொரு வட்டத்துக்குள் நின்றுவிடக் கூடும்.

பண்டாரசாமியாக வந்தவர்களுள் ஒருவரே நம் அருளானந்தர். லிஸ்பன் அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்தவர். 1673-இல் இந்தியா வந்தார். 1686-இல் மறவர் நாட்டில் தம் உபதேசியார்களோடு பிடிபட்டுக் கொடிய வதைக்கு உள்ளானார். இனி அந்நாட்டில் போதிக்கக் கூடாதென்னும் கட்டளையோடு விடுதலை பெற்றார். பின்னர் மறைப்பணி அலுவலாகத் தாயகம் அனுப்பப்பட்டார். இளவரசர் அப்போது அரசர். அங்கேயே தங்கிவிடுமாறு அவர் வேண்டினார். 1690-இல் அருளானந்தர் மீண்டும் இந்தியாவில் இருந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டார். முதன்முறை புறப்படும்போது இளமையின் வேகம் இருக்கும். எது காத்திருக்கிறதென்று அறிந்த பின் இரண்டாம் முறை புறப்படுவது வேறு. அவரோடு வதைபட்ட உபதேசியார்களுக்கோ திரும்பிச் செல்ல ஒரு லிஸ்பனும் இல்லை. அவர்கள் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கூட்டம் கலைந்தது. ரவுண்டானாவரை அந்தத் தம்பி நம்மோடு நடந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை; நாமும் ஒன்றும் கேட்கவில்லை.

சனவரியில் நம்மைத் தேடி வந்தார். பவனி வருவதைச் சொல்வதற்காகத் திசம்பர் தொடக்கத்திலேயே தனியே அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறார். முதல் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டு, தேநீர் கொண்டுவந்தார்களாம். "இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டேன், சாமி. நான் குடிக்கவில்லை" என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நாம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தியோக்கியாவில் இராயப்பரே பந்தியிலிருந்து விலகிக்கொண்டவர்தாம். அதற்காகச் சின்னப்பரிடம் எல்லார் முன்னிலையிலும் கடிந்துரை வாங்கியவர்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனார். இம்முறை தேநீர் குடித்தார். அந்த வீட்டுப் பையனுக்குப் பத்தொன்பது வயது. வெளியே வந்து வழியனுப்பும்போது, "அண்ணே, கோவிலில் பாடவேண்டுமானால் யாரிடம் கேட்கவேண்டும்?" என்று கேட்டிருக்கிறான். ஆண்டுக்கணக்காக அதே ஆலயத்தில், பின்வாசல் தூணோரமாக நின்று திருப்பலி கண்டவன் அவன். தம்பி அவனைப் பார்த்திருக்கிறார், பெயர் கேட்டதில்லை.

பவனி நாளன்று பதினெட்டுப் பேரில் பதினொருவரே அந்தத் தெருவுக்குள் வந்தனர். வண்டியை முனையில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். தம்பியின் தாயார் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. அந்தத் தாயைக் குறைசொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. தங்கையின் திருமணப் பேச்சு நடக்கும் வீடு அது, ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் அவருக்கு. புதியவன் பாடகர் குழுவில் சேர்ந்த வாரமே, இரண்டு பெண்களை அவர்தம் பெற்றோர் தேர்வைக் காரணங்காட்டி நிறுத்திவிட்டார்கள்.

"இரண்டு நல்ல குரல் போய்விட்டது, சாமி. பாஸ்கு விழாவுக்கு என்ன செய்வது?" என்பதே தம்பியின் கவலை. தவக்காலம் முழுவதும் ஒத்திகைக்கு இருக்கிறதே என்றோம். அந்த இரண்டு வீடுகளுக்கும் அவரே நேரில் போய், வாதாடாமல், சும்மா பேசிவிட்டு வரச் சொன்னோம். அவருடைய பங்குத்தந்தை இசைந்தால், தவக்காலத்தில் ஒரு வெள்ளியன்று அந்தத் தெருவில் சிலுவைப்பாதை செய்ய நாமும் வருவதாகச் சொல்லி, குறிப்பேட்டை எடுத்து, தெருவின் பெயரையும் வீட்டு எண்ணையும் கேட்டோம்.

அவர் சிரித்துவிட்டார். "எண் எல்லாம் கிடையாது, சாமி. முனையில் நிற்கிறேன், கூட்டிப்போகிறேன்."