நானும் ஒரு கோமதிதான்!



போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் 'காவியத்தலைவன்' போட்டாங்க. வசந்தபாலன் இயக்கி 2014-ல் வந்த படம். வெள்ளைக்காரன் காலத்து நாடகக் கம்பெனி ஒன்றின் கதை. சிவதாஸ சுவாமிகள் (நாசர்) நடத்தும் கம்பெனியில் சின்ன வயசிலிருந்தே ஒன்றாக வளர்கிறார்கள் காளியும் (சித்தார்த்) கோமதியும் (பிருத்விராஜ்). ஒருநாள் ராஜபார்ட் வேஷம் காலியாகிறது. இருவரையும் சூரபத்மனாக நடிக்கச் சொல்லிப் பார்க்கிறார் குரு. காளிக்குத்தான் வேஷம் என்கிறார். அங்கே ஆரம்பிக்கிறது வினை! காளியின் காதலைக் குருவிடம் போட்டுக் கொடுக்கிறான் கோமதி. மீதியைச் சொன்னால் படம் பார்க்காதவர்கள் என்னை அடிக்க வருவீர்கள்.

எங்க வீட்டில் எல்லாரும் கோமதியைத் திட்டினாங்க. "கூடவே இருந்து குழி பறிக்கிறான் பாரு"ன்னு அம்மா சொன்னாங்க. நான் மட்டும் வாயே திறக்கல.

காரணம் இருக்கு. போன வருஷ ஆண்டு விழாவில் நம்ம கட்டபொம்மன் நாடகம் ஞாபகம் இருக்கா? அந்த வேஷம் எனக்குத்தான்னு நினைச்சு வீட்டில் கண்ணாடி முன்னாடி மீசையே வரைஞ்சு பார்த்தேன். கிடைச்சது என் பெஞ்ச் நண்பனுக்கு. எனக்குக் கிடைச்சது திரைக்குப் பின்னாடி நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. அன்னைக்கு மேடையில் அவன் ஒரு இடத்தில் நின்னுட்டான். வசனம் மறந்துபோச்சு. தாள் என் கையில் இருந்தது. இரண்டு நொடி நான் வாயைத் திறக்கல. பிறகுதான் சொன்னேன். அவனுக்கு இது இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியுமே!

படத்தில் வரும் குருவைப் பார்த்தால் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) நினைவு வரும். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' தொடங்கியவர். அங்கே சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு வயசு 6. அந்தச் சிறுவன் நடிப்பதற்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தாராம் சுவாமிகள். எல்லாரும் அதைக் குருவின் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கோ அன்று கூட இருந்த மற்ற பையன்களின் நினைப்புதான். அவங்க மனசு எப்படி இருந்திருக்கும்? அவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

என் கருத்து இதுதான். பொறாமை வருவது தப்பில்லை. யாருக்கும் வரும். அதை வெளியே சொல்லாமல் உள்ளேயே வைத்துச் சோறு போட்டு வளர்ப்பதுதான் தப்பு. கோமதி காளியிடம் ஒரே ஒரு நாள், "டேய், எனக்கு வலிக்குதுடா"ன்னு சொல்லியிருந்தால் கதையே மாறியிருக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேஷம் கிடைத்தவனைத் தட்டிக் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். கிடைக்காதவனையும் கூப்பிட்டு, "உனக்கு இதனாலதான்பா கிடைக்கல"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது போதும். அடுத்த வருஷம் அவன் திருத்திக்கொள்வான்.

கடைசியாக என் கட்டபொம்மனுக்கு: நண்பா, அந்த இரண்டு நொடிக்கு மன்னிச்சிடுடா. இந்த வருஷமும் நீயே ராஜபார்ட் ஆனாலும் வசனம் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். இந்தத் தடவை உடனே!

- 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு