இனாம் அலமாரி

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். மாட்டின் விஷயத்தில் அது சரிதான். பிடிக்காவிட்டால் சந்தைக்கு ஓட்டிவிடலாம். ஆனால் அலமாரி அப்படியா? சுவரோடு சேர்த்து முடுக்கிவிட்டால் அதுவும் குடும்பத்தில் ஒரு நபர் மாதிரிதான். தினம் இருபது தடவை அதன் முகத்தில் விழித்தாக வேண்டும். ஆகையால் அலமாரி விஷயத்தில் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதுமட்டுமல்ல, கொடுக்கிறவரே வாயைத் திறந்து காட்டவும் வேண்டும்!

இந்த விபரீத அபிப்பிராயம் எனக்கு எப்படி ஏற்பட்டது என்று கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த கணக்கு வாத்தியார் ஒருவருக்குச் சிறு வயது முதலே தச்சு வேலையில் மோகம். உபகாரச் சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் உளி, ரம்பம், இழைப்புளி சகிதம் கொல்லைப்புறத்தில் பட்டறை போட்டுவிட்டார். அந்தச் சமயத்தில் அவருடைய தங்கை தஞ்சாவூரில் ஒரு சிறு வீடு கட்டினாள். சமையலறை அலமாரிகளுக்கு ஆகும் கூலியைக் கேட்டு மலைத்துப் போய் நின்றாள். “நான் இருக்கும்போது கூலியாவது கீலியாவது!” என்றார் அண்ணா. மூன்று மாதம் முதுகொடிய உழைத்தார். அலமாரிகள் ஜோராக அமைந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

ஒரே ஒரு சின்ன விஷயம். அண்ணா ஆறடி, தங்கை ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. மேல் தட்டு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அண்ணா தம் கையை நீட்டித்தான் பார்த்திருந்தார்! தங்கை, “ரொம்ப நன்றாக இருக்கிறது, அண்ணா” என்றாள். அவர் ஊருக்குப் போனதும் ஒரு முக்காலி வாங்கி வந்தாள். இரண்டு வருஷம் அந்த முக்காலியின் மேல் ஏறித்தான் பருப்பு டப்பா எடுத்தாள். ஒரு நாள் முக்காலி சறுக்கியது. மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட வேண்டியதாயிற்று.

அலறிப் புடைத்துக்கொண்டு வந்த அண்ணா, “அன்றைக்கே ஏன் அம்மா சொல்லவில்லை?” என்று கேட்டார்.

“காசு வாங்காமல் மூன்று மாதம் உழைத்தீர்களே! எந்த வாயால் சொல்வேன்?”

“ஆசாரி செய்திருந்தால்?”

“அன்றைக்கே கழற்றச் சொல்லியிருப்பேன்!”

வாசகர்களே, விஷயம் இவ்வளவுதான். கூலி கொடுத்தவருக்கு வாய் உண்டு. இனாம் வாங்கியவருக்கு வாய் கிடையாது. உறவினருக்கு இலவசமாக வேலை செய்து கொடுக்கிறவர்கள் மரத்தோடும் உழைப்போடும் இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். ‘இது சரியில்லை’ என்று சொல்லும் உரிமைதான் அது. அதைக் கொடுக்காவிட்டால் பாக்கி அத்தனையும் முக்காலிக் கதைதான்.

அந்த உரிமையைக் கொடுப்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பலகையில் ரம்பத்தை வைப்பதற்கு முன்னால், அலமாரி வரப்போகும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். பழைய பத்திரிகைத் தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். சமைக்கிறவர் அதன் முன்னால் நின்று கையை நீட்டிப் பார்க்கட்டும், குனிந்து பார்க்கட்டும். முடிந்துபோன அலமாரியைக் குறை சொல்லத்தான் நாக்குக் கூசும். காகிதத்தைக் குறை சொல்ல யாருக்கும் கூசாது!

அளவு என்பதும் அவருடைய உடம்பிலிருந்துதான் வர வேண்டும். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு நாலு அங்குலம் கீழே சமையல் மேடை இருந்தால் தோள் வலிக்காது. ஐந்தடி உயரமுள்ளவருக்கு அது சுமார் 33 அங்குலம் வரும். ஆறடிக்காரருக்கோ 40 அங்குலத்தை எட்டிவிடும். தினம் மூன்று வேளை நிற்கப் போகிறவர் யாரோ, அவர் முழங்கைதான் முழக்கோல்.

கணக்கில் இன்னும் சில சூட்சுமங்கள் உண்டு. கடையில் கிடைக்கும் பிளைவுட் பலகை பெரும்பாலும் எட்டடிக்கு நாலடி. எட்டடியை நாலாக வகுத்தால் இரண்டடி என்று கணக்குப் புஸ்தகம் சொல்லும். ரம்பம் சொல்லாது. ஒவ்வொரு அறுப்பிலும் அது மூன்று மில்லிமீட்டர் வரை தின்றுவிடும். மூன்று அறுப்புக்கு ஒன்பது மில்லிமீட்டர் போச்சு! நீங்கள் கூலி வாங்காவிட்டாலும் ரம்பம் தன் கூலியை வாங்காமல் விடாது. அதேபோல, வெளியே 36 அங்குலம் என்று அலமாரி செய்தால் உள்ளே 36 இருக்காது. 18 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பக்கப் பலகைகள் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். அந்த ஒன்றரை அங்குலத்தில்தான் பெரிய இட்லிக் கொப்பரை உள்ளே போவதும் போகாமல் நிற்பதும் அடங்கியிருக்கிறது.

தட்டின் நீளத்திலும் பேராசை கூடாது. அதே கனமுள்ள பலகையை இரண்டு மடங்கு நீளமாகப் போட்டு அதே பாரத்தை ஏற்றினால், அது இரண்டு மடங்கு தொய்யும் என்று நினைப்போம். இல்லை, எட்டு மடங்கு தொய்யும்! நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரமும் அரிசி டின்னும் ஏறுகிற தட்டு அது. இரண்டரை அடிக்கு ஒரு தடுப்புக் கொடுத்துவிட்டால் கவலையில்லை.

அப்புறம் தண்ணீர். நம் வீட்டுப் பெண்கள் சமையலறையை வாளித் தண்ணீர் கொட்டிக் கழுவினால்தான் திருப்தி அடைவார்கள். பலகையின் வெட்டு முகம் தரையில் பட்டால் விளக்குத்திரி மாதிரி ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். ஆகையால் அலமாரியை நாலு அங்குலக் கல் திண்டின் மேல் உட்கார வையுங்கள். வெட்டு முகம் எதையும் மூடாமல் விடாதீர்கள். பிளைவுட் வாங்கும்போது தண்ணீருக்குத் தாங்கும் ரகமா என்று ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். பலகையின் மேல் ஐ.எஸ். 710 என்று அச்சிட்டிருந்தால் அது கப்பல் ரகம், அடைமழைக்கும் அசையாது.

காஸ் சிலிண்டர் மேடைக்கு அடியில் இருக்கும் வீடானால் ஒரு முக்கியமான விஷயம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். அழகுக்காகக் கதவை இறுக மூடிச் செய்துவிட்டால் தேங்கிய வாயு வெளியேற வழி இருக்காது. கதவின் அடியிலும் மேலேயும் தாராளமாகக் காற்று வழி விட்டே தீர வேண்டும். முக்காலியாவது மணிக்கட்டோடு போயிற்று. இதில் விளையாட்டு வேண்டாம்.

கட்டை மரத்தில் கதவு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மரம் வெட்டுண்ட பிறகும் மூச்சு விடுவதை நிறுத்துவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் குறுக்கு வாட்டத்தில் பருக்கும், சித்திரையில் சுருங்கும். அதனால்தான் நம் ஆசாரிகள் சட்டத்தில் காடி எடுத்து, நடுப் பலகையைப் பசை போடாமல் அதற்குள் இறக்குகிறார்கள். நெகிழ இடம் கொடுத்த கதவு பாட்டன் காலத்திலிருந்து இன்றைக்கும் நிற்கிறது. இடம் கொடுக்காத கதவு இரண்டாவது மழைக்கே வெடிக்கிறது. உறவும் ஏறக்குறைய இதே ஜாதி மரம்தான்.

இனிப் பணம். ‘இனாம்’ என்றால் எது இனாம்? உழைப்பு மட்டுமா, மரமும் சேர்த்தா? கீல், கைப்பிடி, பூட்டு, வார்னிஷ் இவை யார் பொறுப்பு? இதைக் கேட்க இரு தரப்புக்கும் கூச்சம். ‘அண்ணா வாங்கி வருவார்’ என்று தங்கையும், ‘தங்கை அனுப்பி வைப்பாள்’ என்று அண்ணாவும் இருந்துவிட்டால் மனஸ்தாபத்தில் போய் முடியும். “மரம் உன்னுடையது, வேலை என்னுடையது” என்று ஒரே ஒரு வாக்கியம் முதலிலேயே சொல்லிவிட்டால் தீர்ந்தது. கெடுவும் அப்படியே. இனாம் வேலைக்குக் கெடு கேட்கக்கூடாது என்று பெண்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். பாத்திரங்கள் ஆடி வரை தரையில் கிடக்கின்றன. கொடுக்கிறவரே, “பொங்கலுக்குள் முடித்துவிடுவேன்” என்று தேதியைச் சொல்லிவிடுவது உத்தமம்.

வாங்குகிறவருக்கும் ஒரு தர்மம் உண்டு. காந்திஜி தென்னாப்பிரிக்காவில் சிறையிலிருந்தபோது தம் கையாலேயே ஒரு ஜோடி செருப்புத் தைத்தார். 1914-ல் அந்த நாட்டை விட்டுப் புறப்படும் சமயத்தில் அதை ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசாக அளித்தார். தம்மைச் சிறைக்கு அனுப்பிய அதே ஸ்மட்ஸுக்கு! அவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவில்லை. பல கோடைக் காலங்களில் காலில் போட்டுக்கொண்டு நடந்தார். 1939-ல் காந்திஜியின் எழுபதாவது பிறந்த நாளின்போது அதை அவருக்கே திருப்பியும் அனுப்பினார். கையால் செய்த பரிசுக்கு அதை உபயோகிப்பதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ‘கீறல் விழுந்துவிடுமே’ என்று புது அலமாரியின் மேல் துணியைப் போட்டு மூடி வைக்காதீர்கள். செய்தவர் மனம் குளிர வேண்டுமானால் அதில் மஞ்சள் கறை படட்டும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறட்டும்.

கடைசியாக ஒன்று. புது வீடு கட்டி முடிந்தால் ‘தச்சு கழித்தல்’ என்று ஒரு சடங்கு நடத்துகிறோம். ஆசாரிக்குக் கூலி போக வேஷ்டியும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்துக் கொடுக்கிறோம். கூலி வாங்கியவருக்கே இவ்வளவு மரியாதை என்றால், வாங்காதவருக்கு? அண்ணாவோ, மாமாவோ, மருமகனோ, யார் செய்து கொடுத்தாலும் வேலை முடிந்த அன்றைக்கு ஒரு வேஷ்டியும் வெற்றிலை பாக்கும், அதன் மேல் ஒரு ரூபாயும் வைத்துக் கொடுத்துவிடுங்கள். அவரும் பிகு பண்ணாமல் வாங்கிக்கொள்ளட்டும். அத்துடன் கணக்குத் தீர்ந்தது. பத்து வருஷம் கழித்து ஏதோ ஒரு சண்டையில், “நான் காசு வாங்காமல் அலமாரி செய்து கொடுத்தேனே!” என்று அவர் சொல்லிக் காட்ட முடியாது.

அப்படிச் சொன்னால், “ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டீர்களே!” என்று சொல்லிவிடலாம் அல்லவா?