ஊரான் தோட்டத்தில் அடிக்கும் மருந்து

காஞ்சிபுரத்தில் கல்யாண மண்டபம், தங்கும் விடுதி, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை என்று புல்தரை போட்டுப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர்களிடம் பூச்சிமருந்துச் சட்டம் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "அதெல்லாம் விவசாயிக்கும் உரக்கடைக்காரருக்கும் சார். நாங்க செடி வெட்டுறவங்க." இந்தப் பதிலுக்குள் ஐந்து வாதங்கள் இருக்கின்றன. நான்கு நிற்காது. ஐந்தாவதில் பாதி நியாயம் உண்டு.

"சட்டம் விவசாயிக்குத்தான்"

உண்மை தலைகீழ். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, தன் வீட்டுக்கும், தன் வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கும், தான் பயிரிடும் நிலத்துக்கும் மருந்து அடிப்பவருக்கு விலக்கு தருகிறது. வாலாஜாபாத்தில் தன் நெல்லுக்கு அடிப்பவர் அந்த விலக்கில் வருவார். அவரே மறுநாள் கூலி வாங்கிக்கொண்டு மண்டபத்துப் புல்லுக்கு அடித்தால் வரமாட்டார். வீடோ, பொது இடமோ, தனியார் மனையோ, வணிக நோக்கில் மருந்து அடித்தால் அது பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் என்கின்றன 1971-ஆம் ஆண்டு விதிகள். அதற்கு உரிமம் வேண்டும். டேங்க்கைத் தூக்கும் ஆளோடு அவரை வேலைக்கு வைத்த நிறுவனமும் பொறுப்புக்குள் வருகிறது. "பையன் தெரியாம அடிச்சிட்டான்" என்று நழுவ முடியாது.

இந்தச் சட்டத்துக்கான காரணம் வயலில் பிறக்கவும் இல்லை. 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துபோன கோதுமை மாவைச் சாப்பிட்டு 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் மருந்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். அப்படிப்பட்டவர்களை நினைத்து எழுதிய சட்டம் இது.

"களைக்கொல்லி பூச்சிமருந்து இல்லையே"

பேச்சில் இல்லை, சட்டத்தில் உண்டு. பூச்சிக்கொல்லி என்பதற்கான விளக்கத்திலேயே பூஞ்சைக்கொல்லியும் களைக்கொல்லியும் அடக்கம். கோரைக்கு அடிக்கும் கிளைபோசேட்டுக்கு நம் நாட்டில் அனுமதி தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடத்துக்கும் மட்டுமே. அதையும் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் நடத்துபவர் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் ஆணையிட்டது. ஆணையை எதிர்த்து உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு எப்படிப் போனாலும், களைக்கொல்லி சட்டத்துக்குள் இருப்பது மாறாது.

"கடையில் விற்கிறார்கள், அடிக்கிறோம்"

எந்தத் தோட்டத்து ஷெட்டிலும் மூலையைக் கிளறிப் பாருங்கள். கத்தரிக்கோலுக்கும் ஹோஸ் குழாய்க்கும் நடுவே ஒரு பழைய குருணை டப்பா இருக்கும். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வாங்கிய, லேபிளே இல்லாத பால்நிறத் திரவம். குருணை பெரும்பாலும் தோட்டக்காரர்கள் 'திமெட்' என்கிற ஃபோரேட்டாக இருக்கும். அதுவும், கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடித்துப் பழகிய டைக்ளோர்வாஸும் 2020 டிசம்பர் 31-ஓடு தடைசெய்யப்பட்டவை. கிடைக்கிறது என்பதால் அனுமதி வந்துவிடாது. பாட்டிலில் இருப்பது என்னவென்று வாங்கியவருக்கே தெரியாது. நாளை யாராவது மயங்கி விழுந்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "என்ன மருந்து?" என்பதுதான். அதற்கு அவரிடம் பதில் இருக்காது.

"பச்சை முக்கோணம்தான், ஒன்றும் ஆகாது"

லேபிளில் உள்ள வண்ணம், சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவைக் குறிக்கிறது. வாய்வழியாக, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. எலிக்குப் போட்ட இந்தக் கணக்கு குளத்து மீனுக்கும் தேனீக்கும் பொருந்தாது.

காஞ்சிபுரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. புல்தரைக்காரருக்கு அருகு ஒரு களை. காலையில் நடக்க வரும் அம்மாவுக்கு அது பிள்ளையாருக்குச் சாத்தும் பச்சை, வீட்டில் அரைத்துக் குடிக்கும் சாறு. முந்தின நாள் சாயங்காலம் அடித்த களைக்கொல்லி புல்லை உடனே கருக்காது. வாட நாளாகும். அவர் குனிந்து பறிக்கும்போது அது பச்சைப்பசேலென்றுதான் இருக்கும். துளசிக்கும் வில்வத்துக்கும் இதே கதைதான். பட்டுப்புழு வளர்ப்பவர், பக்கத்து வயலில் மருந்து அடித்தால் அந்தப் பக்கத்து மல்பெரி இலையைப் பறிக்க யோசிப்பார். பட்டில் பெயர் வாங்கிய ஊருக்கு அந்த எச்சரிக்கை அந்நியமாக இருக்கக் கூடாது.

"இதெல்லாம் கட்டுப்படியாகாது"

இதில்தான் பாதி நியாயம். உரிமத்துக்கு வேளாண்மைப் பட்டமோ வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ வேண்டும். அதோடு மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் பயிற்சிச் சான்றிதழும் கேட்கிறார்கள். எட்டாவது படித்து, கத்தரி பிடித்து முன்னுக்கு வந்தவர் பட்டத்துக்கு எங்கே போவார்?

வழி இருக்கிறது. மருந்து வேலையை மட்டும் உரிமம் உள்ளவரிடம் கொடுத்து, கொட்டேஷனில் அதைத் தனி வரியாகக் காட்டலாம். கோரையைக் கையால் கிழங்கோடு எடுக்க ஆள்கூலி போடலாம். வாடிக்கையாளர் ஏன் என்று கேட்டால் சட்டத்தையே காட்டலாம்.

பாதுகாப்புச் செலவில் மட்டும் பேரம் கூடாது. மருந்து கையாள்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு உடை, காலி டப்பா மறுபடி பயன்படாதபடி அழிப்பது எல்லாம் விதியில் உள்ளவை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருடம் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மேல்நோக்கி அடித்த மருந்து முகத்திலேயே இறங்கியது. உயரமான வேலிச்செடிக்கு அண்ணாந்து அடிக்கும் நம் ஆளும் அப்படித்தான் நிற்கிறார், கைலியும் தலையில் ஒரு துண்டுமாக.

"நாங்க செடி வெட்டுறவங்க" என்கிறார்கள். வெட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் இந்தச் சட்டம் அவர்கள் பக்கமே வராது. முதுகில் டேங்க் ஏறியதும் தொழில் வேறு.